அப்பத்தாவின் கோபமும் ஜெனிவா குண்டூசியும்

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலை காட்ட முடியல மக்களே. ஆய்வுக்கூடத்துல ஆணி ஜாஸ்தி. இன்னிக்கும் பிடுங்க வேண்டிய ஆணி நெறைய பாக்கி இருக்கு, ஆனா ஒரு விஷயம் மண்டைக்குள்ள குடைஞ்சுக்கிட்டே இருக்கறதால எழுதிட்டுப் போயிடறேன். கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டு வச்சுக்கிட்டு உக்காருங்க.

எங்க அப்பத்தாவுக்கு வயசு எண்பத்தி நாலு. சிவகங்கைப் பக்கம், சித்தப்பா வீட்டுல இருக்காங்க. போன வருஷம் மதுரையில டாக்டர்கிட்ட காமிச்சப்ப அல்சைமர் ஆரம்பம்னு சொல்லிட்டார். ஞாயிறு ஞாயிறு நான் ஜப்பான்ல இருந்து கூப்பிடுவேன். "சாப்டியாய்யா?" "எப்பய்யா வர்றே?" இந்த ரெண்டு கேள்விதான், மாத்தி மாத்தி வரும். சாதாரணமா நானும் சளைக்காம பதில் சொல்லிடுவேன். கார்த்திகையில ஒரு நாள் வாத்தியார்கிட்ட செமத்தியா வாங்கிக் கட்டிக்கிட்டு வந்த கடுப்பு. ஏழாவது தடவ "எப்பய்யா வர்றே?"ன்னு கேட்டப்ப, "எத்தனை தடவதான் சொல்றது அப்பத்தா, இப்பதானே சொன்னேன்!"ன்னு கத்திட்டேன். அந்தப் பக்கம் சத்தமே இல்ல. அப்புறம் சித்தி போனை வாங்கிட்டாங்க.

சரி, சாயங்காலத்துக்குள்ள மறந்திருப்பாங்கன்னு என்னை நானே சமாதானம் பண்ணிக்கிட்டேன். மறந்துதான் இருந்தாங்க. சித்தி கேட்டதுக்கு, அவன் போன் பண்ணவே இல்லையேன்னு சொல்லிருக்காங்க. ஆனா அடுத்த ஞாயித்துக்கிழமை நடந்தது இது. சித்தி "அத்தை, பேரன் பேசுறான், வாங்க"ன்னு கூப்பிடுறது எனக்குக் கேக்குது.

"வேணாந்தாயி. அவன் என்னைய வைவான்."

"எப்ப வஞ்சான் அத்தை?"

"தெரியல தாயி. ஆனா வைவான்."

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. குற்ற உணர்ச்சி ஒரு பக்கம். இன்னொரு பக்கம், நான் படிக்கற படிப்பு அப்படி. மூளையோட எம்ஆர்ஐ படத்தை வச்சுக்கிட்டு இந்தப் பகுதி எத்தனை கன மில்லிமீட்டர், அந்தப் பகுதி எவ்வளவு சுருங்கியிருக்குன்னு கம்ப்யூட்டரை விட்டு அளக்கறதுதான் என் முதுகலை ஆய்வு. நடந்தது மறந்துபோச்சு, அதனால வந்த வலி மட்டும் மிச்சம் இருக்கு. இது எப்படி முடியும்? தேடிப் படிக்க ஆரம்பிச்சா, கதை நூறு வருஷத்துக்கும் மேல பின்னாடி போகுது.

1911ல ஜெனிவாவுல எத்வார் க்ளாபரேட்ங்கற உளவியல்காரர் ஒரு சம்பவத்தை எழுதி வச்சார். மனநலக் காப்பகத்துல நாப்பத்தேழு வயசுப் பெண்மணி ஒருத்தங்க இருந்தாங்க. கோர்சகாஃப் நோய். பழசு எல்லாம் பத்திரமா இருந்துச்சு. ஐரோப்பிய நாடுகளோட தலைநகரங்களை வரிசையா சொல்லுவாங்க, மனக்கணக்கு போடுவாங்க. ஆனா அஞ்சு வருஷமா இருக்கற இடம் என்ன இடம்னு தெரியாது. தினம் பாக்கற டாக்டரையே புதுசா அறிமுகம் பண்ணிக்கணும். க்ளாபரேட் ஒரு நாள் விரலுக்கு இடையில குண்டூசியை ஒளிச்சு வச்சுக்கிட்டு அவங்களோட கை குலுக்கினார். (இப்ப எந்தப் பல்கலைக்கழகத்துலயாவது இப்படிச் செஞ்சா மறுநாளே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க!) குத்தினதை அவங்க கொஞ்ச நேரத்துலயே மறந்துட்டாங்க. மறுபடி அவர் கையை நீட்டினப்ப வெடுக்குன்னு தன் கையைப் பின்னால இழுத்துக்கிட்டாங்க. ஏன்னு கேட்டா காரணம் சொல்லத் தெரியல. விடாம கேட்டதுக்கு, சில சமயம் சிலர் கையில ஊசி ஒளிச்சு வச்சிருப்பாங்கன்னு பொதுவா ஏதோ சொல்லிச் சமாளிச்சிருக்காங்க. தன்னைக் குத்தினது ஞாபகத்துலயே இல்ல.

இதைப் படிச்சப்ப எனக்கு "வைவான்" ஞாபகம் வந்து புரை ஏறிடுச்சு.

க்ளாபரேட்டுக்கும் முப்பது வருஷம் முந்தி, 1881ல, பிரான்சுல தியோடூல் ரிபோ ஞாபகத்தோட நோய்களைப் பத்தி ஒரு புத்தகம் போட்டார். கடைசியா வந்த ஞாபகம் முதல்ல போகும், முதல்ல வந்தது கடைசியா போகும்ங்கற விதியை அவர் பேர்லதான் இன்னிக்கும் சொல்றாங்க. காலையில சாப்பிட்டது மறந்துபோச்சு, கல்யாணத்துக்கு வண்டி கட்டிக்கிட்டுப் போனது மறக்கலன்னு நம்ம வீட்டுப் பெரியவங்களைப் பத்திச் சொல்றோமே, அதேதான். ஆனா அந்தப் புத்தகத்துல அவ்வளவா யாரும் பேசாத இன்னொரு வரிசையும் இருக்கு. வயசான காலத்துல ஞாபகம் கரையும்போது சமீபத்து நிகழ்ச்சிகள் முதல்ல போகும். அடுத்து பொதுவான கருத்துகள். அதுக்கப்புறம்தான் உணர்ச்சிகள், எல்லாத்துக்கும் கடைசியா பழகின செயல்கள். இப்படி அடுக்கி வச்சிருக்கார் மனுஷன். கையில ஸ்கேன் கிடையாது, ஒண்ணும் கிடையாது. நோயாளிகளைப் பத்தின குறிப்புகளை வச்சே இதைச் சொல்லியிருக்கார்.

உணர்ச்சி கலந்தா ஞாபகம் கெட்டியாகும்ங்கறதை எண்ணிக்கையோட முதல்ல காட்டினவர் கோல்க்ரோவ்னு ஒரு அமெரிக்கர். 1899ல அவரோட கட்டுரை வந்துச்சு. லிங்கன் சுடப்பட்டது 1865ல. முப்பது வருஷத்துக்கும் மேல கழிச்சு 179 பேரைப் பிடிச்சு, சேதி கேட்டப்ப எங்க இருந்தீங்க, என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்கன்னு கேட்டார். 127 பேர் இடம், நேரம், பக்கத்துல இருந்த ஆள் வரைக்கும் விவரமா சொன்னாங்க. எம்.ஜி.ஆர் செத்த அன்னிக்கு எங்க இருந்தேன்னு எங்க அப்பா சொல்ற மாதிரி. ஆனா அவங்க சொன்னது உண்மையான்னு சரிபார்க்க வழியே இல்ல. இந்த ஓட்டையைக் கடைசியில அடைச்சவர் வேற ஒருத்தர், பின்னாடி வர்றார்.

அடுத்து மூளைக்குள்ள எங்கங்கற கேள்வி. இங்க ரெண்டு பேரை மட்டும் தெரிஞ்சுக்கிட்டா போதும். காதுக்கு நேர் உள்பக்கம் கடல்குதிரை மாதிரி சுருண்டு கெடக்கறது ஹிப்போகாம்பஸ். அந்தப் பேருக்கு அர்த்தமே கடல்குதிரைதான். அதுக்கு முன்னாடி ஒட்டிக்கிட்டு பாதாம் கொட்டை சைசுல இருக்கறது அமிக்டலா, கிரேக்கத்துல பாதாம்தான். எப்ப, எங்க, யாருன்னு நடந்ததைத் தொகுத்து வைக்கறது கடல்குதிரை. இது முக்கியம், விட்டுடாதேன்னு அதுக்கு அழுத்தம் கொடுக்கறது பாதாம். நான் ரொம்ப எளிமைப்படுத்திச் சொல்றேன், மூளைக்காரங்க யாராச்சும் படிச்சா அடிக்க வராதீங்க :-)

பாதாமோட வேலை தெரிய வந்தது குரங்குகளால. 1930கள்ல சிகாகோவுல க்ளூவரும் பூசியும் ரீசஸ் குரங்குகளுக்கு ரெண்டு பக்கத்து பொட்டு மடல்களையும் எடுத்துட்டுப் பார்த்தாங்க. மூர்க்கமான குரங்கு சாதுவாயிடுச்சு. பாம்பைக் காட்டினாலும் பயமில்ல, கையில எடுத்து வாயில வைக்கப் போகுது. அந்தப் பெரிய பகுதியில குறிப்பா அமிக்டலாவை மட்டும் சேதப்படுத்தினாலே பயம் போயிடும்னு வைஸ்க்ரான்ட்ஸ் 1956ல காட்டினார். கடல்குதிரையோட வேலை தெரிஞ்சது ஹென்றி மொலேசன்ங்கற மனுஷனால. 1953ல வலிப்பு நோய்க்காக அறுவை பண்ணி ரெண்டு பக்கத்து ஹிப்போகாம்பஸ்ல பெரும்பகுதியை எடுத்துட்டாங்க, அப்ப அவருக்கு வயசு இருபத்தேழு. அதுக்கப்புறம் 2008ல எண்பத்திரண்டு வயசுல சாகற வரைக்கும் புதுசா எதையும் மனசுல தேக்கி வைக்க முடியல. பாடப்புத்தகத்துல அவர் கதை இத்தோட முடிஞ்சிடும். அந்த அறுவையில அவரோட அமிக்டலாவும் போச்சுங்கறதை அடிக்குறிப்புலதான் தேடணும்.

ரெண்டும் எப்படிக் கூட்டு சேர்ந்து வேலை செய்யுதுங்கறதைக் கலிஃபோர்னியாவுல ஜேம்ஸ் மெக்காஃப் பல வருஷமா எலிகளை வச்சு ஆராய்ஞ்சார். 1994ல அவரும் லாரி கேஹிலும் சேர்ந்து மனுஷங்ககிட்ட செஞ்ச சோதனை எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஒரு கதையைப் படம் படமா காட்டறாங்க. ஒரு அம்மாவும் பையனும் அப்பா வேலை பாக்கற ஆஸ்பத்திரிக்குப் போறாங்க. ஒரு குழுவுக்குச் சொன்ன கதையில ஒண்ணும் பெருசா நடக்காது. இன்னொரு குழுவுக்கு, வழியில கார் மோதி பையனுக்கு பலத்த அடி. ஒரு வாரம் கழிச்சுக் கேட்டா, விபத்துக் கதை கேட்டவங்களுக்கு அந்தப் பகுதி மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு. ஆனா கதை கேக்கறதுக்கு முன்னாடி ப்ரோப்ரனலால் சாப்பிட்டவங்களுக்கு அந்தக் கூடுதல் ஞாபகத்தைக் காணோம். ரத்த அழுத்தத்துக்குத் தர்ற சாதாரண மாத்திரைதான் அது, அட்ரினலினோட வேலையைத் தடுக்கும். சாதாரணப் பகுதிகள் அவங்களுக்கும் மத்தவங்க மாதிரியே ஞாபகம் இருந்துச்சு. ஆக, நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கறதும் ஞாபகம் ஆழமாப் பதியறதும் ஒரே சங்கிலியோட ரெண்டு கண்ணி.

ஆழமாப் பதிஞ்சா சரியாப் பதிஞ்சுதுன்னு அர்த்தமா? இங்கதான் உல்ரிக் நைசர் வர்றார். 1986 ஜனவரி 28ல சேலஞ்சர் விண்கலம் வெடிச்சுது. மறுநாள் காலையிலயே அட்லாண்டாவுல எமரி பல்கலைக்கழகத்து வகுப்புல 106 மாணவர்கள்கிட்ட, சேதி எப்படித் தெரிஞ்சுதுன்னு எழுதி வாங்கி வச்சுக்கிட்டார். ரெண்டரை வருஷம் கழிச்சு அவங்கள்ல 44 பேர் மறுபடி சிக்கினாங்க. 11 பேர் சொன்னது முழுக்கத் தப்பு. மூணே மூணு பேர்தான் முழுசா சரி. தப்பாச் சொன்னவங்கள்ல பல பேர் அடிச்சுச் சொன்னாங்க. தன் கையெழுத்துலயே பழைய தாளைக் காட்டினாலும் அந்த உண்மையான ஞாபகம் திரும்பி வரல.

நைசருக்கே இந்த அனுபவம் உண்டு. 1941 டிசம்பர் 7, பேர்ல் ஹார்பர் சேதி வந்தப்ப ரேடியோவுல பேஸ்பால் ஆட்டம் கேட்டுக்கிட்டு இருந்ததா பல வருஷம் நம்பிக்கிட்டு இருந்தார். அப்புறம் ஒரு நாள் உறைச்சுது, டிசம்பர்ல ஏது பேஸ்பால்? அப்புறம் வேற ரெண்டு பேர் தோண்டிப் பார்த்தா, அன்னிக்கு நியூயார்க்ல கால்பந்து ஆட்டம் ஒண்ணு நடந்திருக்கு (அமெரிக்கக் கால்பந்து), ஆடின ரெண்டு அணிக்கும் பேஸ்பால் அணிகளோட பேரே!

இது வரைக்கும் சொன்னதெல்லாம் பெரும்பாலும் சின்ன வயசுக்காரங்க மூளை. வயசானா என்ன ஆகும்? ரொம்ப காலம் இந்தத் துறையில ஒரே பாட்டுதான்: எல்லாம் இறங்குமுகம். அந்தப் பாட்டை மாத்தினவங்க ஸ்டான்ஃபோர்ட்ல இருக்கற லாரா கார்ஸ்டென்சன். இருபத்தொரு வயசுல கார் விபத்துல அடிபட்டு மாசக்கணக்குல எலும்பு முறிவு வார்டுல கெடந்தவங்க. வார்டு முழுக்க இடுப்பு, தொடை உடைஞ்ச கிழவிங்க. அப்பா பேராசிரியர். பொண்ணு சும்மா கெடக்கறாளேன்னு பல்கலைக்கழகத்துக்குப் போய் உளவியல் வகுப்பை டேப்ல பதிஞ்சுக்கிட்டு வந்து கொடுத்திருக்கார். அந்த கேசட்டும் அந்தக் கிழவிகளும் சேர்ந்து ஒரு ஆராய்ச்சியாளரை உருவாக்கிடுச்சு.

அவங்க சொன்னது இது. இன்னும் நெறைய காலம் இருக்குன்னு நெனைக்கறப்ப மனுஷன் புதுசைத் தேடி ஓடுவான், கெட்டதையும் குறிச்சு வச்சுக்குவான், பின்னாடி உதவும்னு. காலம் கொஞ்சம்தான்னு ஆயிட்டா மனசுக்கு இதமானதைத்தான் பிடிச்சு வச்சுக்கத் தோணும். இது வயசோட சமாச்சாரம் இல்ல, மிச்சம் இருக்கற காலத்தோட சமாச்சாரம்னு காட்டறதுக்கு ஹாங்காங்ல நடந்த ஆய்வு அருமையானது. 1997ல ஹாங்காங் சீனாவுக்குக் கைமாறப் போகுது. ஓராண்டு முன்னாடி கேட்டப்ப, பொழுதைக் கழிக்க நெருங்கின சொந்தம் வேணும்னு வயசானவங்க சொன்னாங்க, இளசுகளுக்கு அப்படி இல்ல. கைமாறறதுக்கு ரெண்டு மாசம் இருக்கறப்ப இளசுகளும் கிழங்கட்டைங்க மாதிரியே சொந்தத்தைத் தேடினாங்க. எல்லாம் முடிஞ்சு ஒரு வருஷம் கழிச்சு மறுபடி பழைய வித்தியாசம் திரும்பிடுச்சு.

ஞாபகத்துக்கு இதைப் பொருத்திப் பார்த்தது 2003ல. சூசன் சார்ல்ஸ், மாரா மேத்தர், கார்ஸ்டென்சன் மூணு பேரும் மூணு வயசுக் குழுவுக்கு நல்லது, கெட்டது, ரெண்டுங்கெட்டான் படங்களைக் காட்டிட்டு, என்னென்ன பார்த்தீங்கன்னு கேட்டாங்க. 65 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு மொத்தத்துல ஞாபகம் கம்மிதான். ஆனா கம்மியானது முக்கியமா கெட்ட படங்கள். மறு வருஷம் ஸ்கேனர்ல வச்சுப் பார்த்தா, இளசுகளோட அமிக்டலா நல்லதுக்கும் கெட்டதுக்கும் ஒரே மாதிரி துள்ளுது. வயசானவங்களோடது நல்ல படத்துக்கு அதிகமா துள்ளுது. பாதாம் காய்ஞ்சு போனதால கெட்டது உறைக்கலன்னு வாதம் பண்ணினவங்களுக்கு இது கொஞ்சம் இடிச்சுது. காய்ஞ்சிருந்தா நல்லதுக்கு மட்டும் எப்படித் துள்ளும்?

அப்ப வயசாயிட்டா தானா மனசு சமத்தாயிடுமா? அதான் இல்ல. 2005ல மேத்தரும் நைட்டும் செஞ்ச சோதனையில, படம் பாக்கறப்பவே வேற ஒரு வேலையையும் கொடுத்து வயசானவங்க கவனத்தைச் சிதறடிச்சாங்க. அந்த இதமான சாய்வு போயே போச்சு, கெட்டதுதான் மேல வந்துச்சு. ஆக, கெட்டதைத் தள்ளி வைக்கறது சும்மா நடக்கறதில்ல. நெத்திக்குப் பின்னாடி இருக்கற முன்மூளை உழைச்சுச் செய்யற வேலை அது. அந்த உழைப்புக்குத் தெம்பு வேணும். (எல்லா ஊர் வயசானவங்களும் ஒரே மாதிரின்னும் சொல்லிட முடியாது. ஹெலன் ஃபங் 2008ல ஹாங்காங்ல செஞ்ச ஆய்வுல, வயசானவங்க சிரிச்ச முகத்துல இருந்தே பார்வையைத் திருப்பிக்கிட்டாங்க. கலிஃபோர்னியாவுல கண்டதை உலகத்துக்கே பொதுவாக்கற வியாதி நம்ம துறைக்கு நெறையவே உண்டு.)

இப்பதான் எங்க ஊருக்கு வர்றேன். எங்க ஊர்னா இப்போதைக்கு கோபே.

1995 ஜனவரி 17, விடிகாலை 5:46. இருபது நொடிதான். 6,434 பேர் செத்துப்போனாங்க, அதுல பாதிக்கும் மேல அறுபது வயசைத் தாண்டினவங்க. கனமான ஓட்டுக் கூரை போட்ட பழைய மர வீடுகள்ல கீழ்த்தளத்துல தூங்கிக்கிட்டு இருந்தவங்க. இப்பவும் வருஷா வருஷம் அந்த நாள், அந்த நேரத்துக்கு சன்னோமியா பக்கத்துல இருக்கற பூங்காவுல மூங்கில் விளக்கு ஏத்தி வச்சு, ஊரே தலைகுனிஞ்சு நிக்கும். 2025ல முப்பது வருஷம் ஆச்சு.

ஊருக்குக் கொஞ்சம் மேற்கே ஹிமேஜியில மூப்படையும் மூளையை ஆராயறதுக்குன்னே ஒரு நிலையம் இருந்துச்சு. அங்க இருந்த இகேதா, மோரி குழுவுக்கு ஒரு விஷயம் தோணுச்சு. நம்மகிட்ட வர்ற அல்சைமர் நோயாளிகள் பல பேர் அன்னிக்கு அந்த வீடுகள்ல இருந்தவங்க. உணர்ச்சிகரமான நிகழ்ச்சின்னு ஆய்வுக்கூடத்துல படம் காட்டறதெல்லாம் எதுக்கு, பூகம்பமே நடந்திருக்கே? சில வாரம் கழிச்சு நோயாளிகளைப் பேட்டி எடுத்தாங்க. ஒப்பிடறதுக்கு இன்னொரு அனுபவமும் வேணுமே. அதே நோயாளிகளுக்கு எடுத்த எம்ஆர்ஐ ஸ்கேனைப் பத்தியும் கேட்டாங்க. எம்ஆர்ஐக்குள்ள போனவங்களுக்குத் தெரியும், குழாய்க்குள்ள படுக்க வச்சு டமடமன்னு அடிக்கற சத்தம் லேசுல மறக்காது. ஆனா நோயாளிகள்ல ஏறக்குறைய மூணுல ஒருத்தருக்குத்தான் ஸ்கேன் எடுத்தது ஞாபகம் இருந்துச்சு. பூகம்பம்? எண்பது சதவீதத்துக்கும் மேல ஞாபகம் வச்சிருந்தாங்க. 1998ல வந்த கட்டுரை இது.

மறு வருஷம் மோரி குழு ஒரு படி மேல போச்சு. பூகம்பத்தப்ப வீட்டுல இருந்த 36 அல்சைமர் நோயாளிகளோட அமிக்டலாவை எம்ஆர்ஐ படத்துல அளந்தாங்க. அன்னிக்குத் தனக்கு என்ன நடந்துச்சுன்னு எவ்வளவு சொல்ல முடியுதோ, அது அமிக்டலா எவ்வளவு மிச்சம் இருக்குங்கறதோட ஒத்துப்போச்சு. நோய் பொதுவா எவ்வளவு முத்தியிருக்குங்கற கணக்கைக் கழிச்ச பிறகும் அந்த உறவு நின்னுச்சு. சாதாரண மூப்புல கடல்குதிரையை விட பாதாம் மெதுவாத்தான் தேயும். அல்சைமர் ஆரம்பத்துலயே ரெண்டையும் கடிக்குது. அப்படியும் மிச்சம் இருக்கற பாதாம் துணுக்கு தன் வேலையைச் செஞ்சிருக்கு.

நான் தினமும் வரையற கோடு இந்தக் கட்டுரையில வர்ற கோடுதான். அவங்க கையால சுத்தி வரைஞ்சதை நான் கம்ப்யூட்டரை விட்டு வரையறேன், அவ்வளவுதான் வித்தியாசம். முதல் செமினாருக்கு வாத்தியார் இந்தக் கட்டுரையைத்தான் கையில கொடுத்தார். அன்னிக்கு அதுல எண்கள் மட்டும்தான் என் கண்ணுல பட்டுச்சு.

அப்புறம் எங்க வீட்டு ஓனர் பாட்டியம்மா. மலை அடிவாரத்துல சரிவான தெருவுல வீடு, கீழ அவங்க, மாடியில நான். எந்தக் கிழமை எந்தக் குப்பை போடணும்ங்கறது அவங்களுக்கு மறந்துபோகும். என்னைப் பாக்கறப்பல்லாம் எந்த நாடுன்னு கேப்பாங்க. இந்தியான்னா, தினமும் கறியான்னு கேப்பாங்க. நானும் தினமும் கறிதான்னு சொல்லிடுவேன். ஆனா அந்தக் காலையைப் பத்தி ஆரம்பிச்சா ஆளே மாறிடுவாங்க. முதல்ல சத்தம்தானாம். தரைக்கு அடியில இருந்து யாரோ முட்டித் தள்ளின மாதிரி. துணி அலமாரி சாய்ஞ்சு வீட்டுக்காரர் கால் மேல விழுந்துச்சு. இருட்டுல கண்ணாடிச் சில்லு மேல வெறுங்காலோட நடந்தாங்க. மத்தியானம் பக்கத்து வீட்டு அம்மா சில்லிட்டுப்போன சோத்து உருண்டை ஒண்ணு கொண்டாந்து கொடுத்தாங்க. அதைச் சொல்றப்ப மட்டும் கண்ணு கலங்கும். ஒரு தடவ அந்த உருண்டையில வெறும் உப்புதான் இருந்துச்சுன்னாங்க. இன்னொரு தடவ உள்ள ஊறுகாய்ப் பழம் வச்சிருந்தாங்கன்னாங்க. ஒரு தடவ அது ரெண்டு உருண்டை. நைசர் இருந்தா நோட்டை எடுத்திருப்பார். எனக்குத் தோணல. கண்ணு கலங்கற இடம் ஒரு தடவ கூட மாறல.

ஜப்பான்ல இந்த நோய்க்கு 2004 வரைக்கும் அரசாங்கமே "சிஹோ"ன்னு ஒரு சொல்லைத்தான் பயன்படுத்திக்கிட்டு இருந்துச்சு. கிட்டத்தட்ட மடத்தனம்னு அர்த்தம். நோயாளிகளைக் கேவலப்படுத்துதுன்னு அந்த வருஷம் அதிகாரபூர்வமா மாத்தி, அறிதல் குறைபாடுங்கற மாதிரி அர்த்தம் வர்ற "நின்சிஷோ"வைக் கொண்டு வந்தாங்க. நம்ம பக்கம் "கெழவிக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு"ன்னு அவங்களை வச்சுக்கிட்டே சொல்றோம். அவங்களுக்குத்தான் எதுவும் மனசுல நிக்காதேங்கற தைரியம்.

அந்தத் தைரியத்துக்கு ஆப்பு வச்சது அயோவா பல்கலைக்கழகம். 2014ல குஸ்மான் வெலெஸ், ஃபைன்ஸ்டைன், ட்ரானெல் மூணு பேரும் 17 அல்சைமர் நோயாளிகளையும், நோயில்லாத 17 பேரையும் உக்கார வச்சு சோகமான படக்காட்சிகளை இருபது நிமிஷம் போல ஓட்டினாங்க. அழுகைக் காட்சிதான் எல்லாம். அஞ்சு நிமிஷம் கழிச்சு என்ன பார்த்தீங்கன்னு கேட்டா, நோயாளிகளுக்கு ரொம்பக் கொஞ்சம்தான் சொல்ல முடிஞ்சுது. ஒருத்தருக்குப் படம் பார்த்ததே ஞாபகம் இல்ல. மனசு எப்படி இருக்குன்னு அரை மணி நேரம் வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. சோகம் போகவே இல்ல. படத்தைப் பத்தி யாருக்கு ரொம்பக் கம்மியா ஞாபகம் இருந்துச்சோ, அவங்களுக்குத்தான் சோகம் அதிக நேரம் நீடிச்சுது. தனியா சந்தோஷக் காட்சிகளையும் போட்டுப் பார்த்தாங்க. அதுவும் தங்குச்சு, ஆனா சோகம் தங்கின அளவுக்கு இல்ல.

யோசிச்சுப் பார்த்தா பயங்கரம். எனக்குத் துக்கம்னா காரணம் தெரியும். காரணம் தெரிஞ்சா அதோட மல்லுக்கட்டலாம், போனாப் போகுதுன்னு விடலாம், திருப்பித் திட்டலாம். அவங்களுக்குக் காரணம் கரைஞ்சு போயிடுது. துக்கம் மட்டும் தனியா நிக்குது, யார்கிட்ட போய்க் கேக்கறது? நல்லதைப் பிடிச்சுக்கிட்டு கெட்டதைத் தள்ளி வைக்கற அந்த முன்மூளைத் தெம்பும் இந்த நோயில குறைஞ்சுக்கிட்டே போகுது. சோதனையில பார்த்தது அரை மணி நேரம்தான். எங்க அப்பத்தாவுக்கு ஒரு வாரம் எப்படித் தங்குச்சுங்கறதுக்கு அயோவாவுல பதில் இல்ல. ஆனா ஜெனிவாக் குண்டூசியில கொஞ்சம் இருக்கு. நான் போன்ல நீட்டின கையிலயும் ஊசி இருந்துச்சு. அந்தம்மா மாதிரியே அப்பத்தாவும் கையை இழுத்துக்கிட்டாங்க.

அதுக்கடுத்த மூணு ஞாயிறும் அப்பத்தா போனுக்கு வரல. நாலாவது ஞாயிறு, பொங்கல் கழிஞ்சு, சித்தி நான்னு சொல்லாம சும்மா போனைக் காதுல வச்சு விட்டாங்க. யாருன்னு தெரியாமலே கொஞ்ச நேரம் பேசினாங்க. நான் எதுவும் விசாரிக்கல, சிராவயல் மஞ்சுவிரட்டைப் பத்திக் கேட்டேன். அவங்க அண்ணன் மாடு அவுத்து விட்ட கதை ஆரம்பிச்சிடுச்சு. காளைக்கு என்ன கலர்ங்கறதுல இருந்து, யார் யார் வேட்டி கிழிஞ்சுதுங்கறது வரைக்கும். நடுவுல திடீர்னு, "ஏய்யா, நீயா? எப்பய்யா வர்றே?"ன்னாங்க.

"சித்திரைக்கு வர்றேன் அப்பத்தா."

அன்னிக்கு அதே கேள்வியை எட்டு தடவ கேட்டாங்க, நான் எண்ணினேன். எட்டு தடவையும் சித்திரைக்குன்னு சொன்னேன். ராத்திரி சித்தி மெசேஜ் போட்டிருந்தாங்க. போன் வந்ததே அப்பத்தாவுக்கு ஞாபகம் இல்லையாம், ஆனா ரெண்டு தோசை கூட கேட்டு வாங்கிச் சாப்பிட்டாங்களாம்.

சித்திரைக்கு டிக்கெட் விலை பார்த்தேன், மயக்கம் வருது. வாத்தியார்கிட்ட இன்னும் லீவு வேற கேக்கல. எட்டு தடவ சொல்லியாச்சு, இனி போட்டுத்தான் ஆகணும்.